நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பருக்கு ஓர் ஏத்தங்குலை

1

ஐந்து வருடம் கழித்து என் பழைய கம்பெனிக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. போன மாட்டைத் தேடுவாரும் இல்லை, வந்த மாட்டைக் கட்டுவாரும் இல்லை என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்த மாடு தானாகப் போகவில்லை. அவர்களே கயிற்றை அவிழ்த்து, முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, நீயும் எங்கள் குடும்பம்தான் என்று சொல்லி ரோட்டில் விட்டார்கள். இப்போது அதே கயிற்றோடு வந்து நிற்கிறார்கள்.

மின்னஞ்சல் வந்தபோது நான் அயர்லாந்தில், லிமெரிக் நகரத்தில், என் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இருந்தேன். அடுத்த ட்ரிப்புக்கு எட்டு நிமிடம் இருந்தது. பிளாஸ்கில் சாயா இருந்தது. விமானத்தை ஓட்டியவன் பஸ் ஓட்டுகிறானா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: ஆமாம். அந்தக் கதை பின்னால் வருகிறது.

‘அன்புள்ள தங்கையன்’ என்று தொடங்கியது கடிதம். தங்கையன் என் அப்பா. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருப்பதால், அருமனையில் ரப்பர் தோட்டம் வைத்திருந்து, திருவனந்தபுரத்துக்கு அப்பால் போகாமலே கண்ணை மூடிய என் அப்பா, மூன்று தேசத்து அலுவலகங்களில் விமானியாகப் பதிவாகியிருக்கிறார். என் பெயர் எட்வின். அதைச் சொல்லி என்னைக் கூப்பிடுவது வீட்டாரும் சபையாரும் மட்டும்தான்.

‘நீண்ட விடுப்பில் நீங்கள் நல்ல ஓய்வும் புத்துணர்ச்சியும் பெற்றிருப்பீர்கள் என நம்புகிறோம்’ என்றது அடுத்த வரி. நோய்த்தொற்றுக் காலத்தில் விமானங்களெல்லாம் பாலைவனத்து வெயிலில் வரிசையாக நின்றபோது, சம்பளமில்லாத விடுப்பு என்று ஒரு தாளைத் தந்து எங்களை அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த விடுப்பை நீட்டிக் கடிதம் வரும். பிறகு நீட்டுவதற்கும் அங்கே ஆளில்லை போலிருக்கிறது, கடிதமும் நின்றுபோனது. ஆக, சட்டப்படி நான் இன்னும் லீவில் இருக்கிறேன்.

கடிதத்தின் சாரம் இதுதான். பத்து நாளுக்குள் சம்மதம் சொன்னால் பழைய சீனியாரிட்டி நம்பர் அப்படியே கிடைக்கும், முதல் வருடமே கேப்டன் பயிற்சி. சொல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நிரந்தரமாக நீக்கப்படும்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. ஐந்து வருடமாகப் பறக்காத ஒருவனை வேறெந்தக் கம்பெனியும் வாசலில் நிற்க விடாது. போனால் மறுபடி பறக்கலாம். ஆனால் வளைகுடாவில் ஒற்றையாளாக இருக்க வேண்டும். மனைவி ஷீபாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, மகள் ஜெரூஷாவுக்கு இங்கே பள்ளிக்கூடம். மாதத்தில் நாலு நாள் விருந்தாளியாக வந்துபோகலாம். போகாவிட்டால், இந்த ஜென்மத்தில் என் கையில் இருக்கப்போவது பஸ்ஸின் ஸ்டியரிங் மட்டும்தான்.

படித்து முடிப்பதற்குள் ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது. விமானம் ஒரு மணிநேரம் தாமதமானால் ‘இயக்கக் காரணங்கள்’ என்று மைக்கில் கனமாகச் சொல்லிவிடலாம். பஸ் ஒரு நிமிடம் தாமதமானால் கைத்தடி ஊன்றிய ஒரு அம்மா வாட்சைப் பார்க்கிறாள். அவளிடம் எந்தக் காரணமும் செல்லாது.

2

சீனியாரிட்டி என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். விமானக் கம்பெனியில் ஆளுக்கொரு நம்பர் உண்டு. சேர்ந்த தேதியை வைத்துத் தருவது. எந்த ஊருக்குப் பறப்பது, கிறிஸ்துமசுக்கு வீட்டில் இருப்பதா ஆகாயத்தில் இருப்பதா, எப்போது கேப்டன் ஆவது, எல்லாவற்றையும் அந்த நம்பர்தான் முடிவு செய்யும். மேலே இருக்கும் ஒருவர் ஓய்வு பெற்றாலோ வேலையை விட்டாலோ இறந்துபோனாலோ கீழே இருக்கும் அத்தனை பேரும் ஒரு படி ஏறுவார்கள். அதனால் விமானிகள் துக்கம் விசாரிக்கும்போது கண்ணில் நீர் நிற்கும், விரல்கள் மட்டும் பைக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்.

என் நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பதின்மூன்று, கொட்டாரத்துக் குமரேசன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், மற்றதை எழுது மக்கா என்று அவனே சொல்லிவிட்டான். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் அவனைவிடப் பத்தொன்பது நாள் மூத்தவன் என்பதால் எனக்கு முந்தின நம்பர். விடுப்பில் அனுப்பப்பட்டதிலிருந்து அவன் கொட்டாரத்தில் அவன் அப்பாவின் உரக்கடையைப் பார்த்துக்கொள்கிறான்.

விடுப்பில் போனவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. இரண்டு வருடமாகப் பண்டிகை வாழ்த்து தவிர வேறொன்றும் அதில் வந்ததில்லை. கடிதம் வந்த அன்று அது உயிர்த்தெழுந்தது. ஒருவருக்கும் திரும்பிப் போகும் எண்ணமில்லை. “சுயமரியாதை முக்கியம்” என்று ஒருவர். “நாய்கூட அந்த வாசலுக்குப் போகாது” என்று ஒருவர். “போகிறவர்கள் நன்றாக யோசியுங்கள், குடும்பத்தை நினையுங்கள்” என்று மூன்று பேர். இவ்வளவு மானஸ்தர்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததேயில்லை. நீங்கள் போகாவிட்டால் எனக்கு ஒரு நம்பர் லாபம் என்பதை ஒருவரும் எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம், நாய்கூடப் போகாது என்று எழுதியவர் குழுவில் ஒரு கேள்வியைத் தவறிப் போட்டுவிட்டார்: “நாலாம் பக்கத்தில் சட்டை அளவு கேட்கிறதே, இஞ்சிலா சென்டிமீட்டரிலா?” ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டார். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் முப்பத்தாறு பேர் படித்துவிட்டோம்.

மறுநாள் குமரேசன் போன் செய்தான்.

“மக்கா, மெயிலு வந்துதா?”

“வந்துது.”

“போப்போறியா?”

“தெரியல்ல. நீ?”

“நானா? சவம், அவனுக்க வேலையும் வேண்டாம், அவனுக்க நம்பரும் வேண்டாம். ஒருக்கா ரோட்டுல விட்டவன் நாளைக்கும் விடுவான். நீயும் போவாத, கேட்டியா. பிள்ளைய விட்டுட்டு அங்க ஒத்தையில கெடந்து என்னத்த சாதிக்கப்போற?”

இந்த ரகத்தில் இருபது நிமிடம் பேசினான். அக்கறை வழிந்தது. குமரேசன் இவ்வளவு அக்கறையோடு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோதே ‘கீழாநெல்லி தின்னு’ என்ற இரண்டு வார்த்தையோடு போனை வைத்தவன் அவன்.

3

நான் எப்படிப் பஸ்ஸுக்கு வந்தேன் என்பது பெரிய கதையல்ல.

விடுப்பில் அருமனைக்கு வந்தபோது ஊரே என்னிடம் ஒரே கேள்வி கேட்டது: “லீவா?” ஆமாம் என்றேன். இரண்டாம் மாதம், “நல்ல லீவா இருக்கே” என்றார்கள். நாலாம் மாதம் கேட்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார்கள். சும்மா இருப்பது சரியில்லையென்று அப்பாவின் ரப்பர் மரங்களில் நானே பால் வெட்ட இறங்கினேன். அங்கே வெட்டுக்கு வரும் தாசன் என் முதல் பத்து மரத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, பிளேன் ஓட்டுன கையில்லா, நல்ல ஆழமாட்டு எறங்கியிருக்கு. இனி இந்த மரம் மூணு வருஷம் சும்மா நிக்கும், உங்கள மாதிரி” என்றான். நான் மனிதர்களின் பேச்சைச் சேர்த்துவைக்கிறவன். அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் கையில் ஓடுகிற வேலை என்று ஒன்று இருந்தது ஷீபாவிடம்தான். தேர்வு எழுதினாள், அயர்லாந்திலிருந்து அழைப்பு வந்தது, முதலில் அவள் வந்தாள், பின்னால் அவளைச் சார்ந்தவர்கள் என்ற பிரிவில் நானும் பிள்ளையும் வந்தோம். விசாத் தாளில் என்னை அப்படித்தான் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கே விமானம் ஓட்ட வேண்டுமென்றால் பதின்மூன்று பாடம் மறுபடி எழுத வேண்டும். அதற்கு முன்னால், நான் இத்தனை மணிநேரம் உண்மையிலேயே பறந்தேன் என்று பழைய கம்பெனி ஒரு தாள் தர வேண்டும். அந்தத் தாளுக்காகப் பதினாலு மின்னஞ்சல் அனுப்பினேன். பதினாலுக்கும் பதில் வந்தது, உடனுக்குடன்: ‘உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியம்.’ முக்கியமானதை யாரும் எடுத்துப் பிரித்துப் பார்ப்பதில்லை, பத்திரமாக வைத்துவிடுவார்கள். இப்போது வந்த அழைப்போடு அந்தத் தாளையும் இணைத்திருக்கிறார்கள். இரண்டரை வருடம் முன்னாலேயே கையெழுத்திட்டு வைத்திருந்த தாள்.

அதற்குள் நான் பஸ் லைசென்ஸ் எடுத்து, வேலையிலும் சேர்ந்துவிட்டேன். இங்கே பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள். கிழவர், குழந்தை, காதில் ஒயர் மாட்டிய பையன், யாரும் விலக்கல்ல. பின்வாசல் வழியாக இறங்கினால்கூட அங்கிருந்து ஒரு சத்தம் கொடுப்பார்கள். முதல் வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது. இருநூறு பேரைக் காற்றிலும் மழையிலும் கொழும்பில் இறக்கியிருக்கிறேன். ஒருவரும் காக்பிட் பக்கம் திரும்பியதில்லை, எல்லோருக்கும் மேலே வைத்த பையை எடுக்கும் அவசரம். இங்கே இரண்டு நிறுத்தம் தள்ளி இறக்கிவிட்டதற்கு நன்றி.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொழும்புக்குப் போகும்போது, காலை நேரத்தில், மேகம் இல்லாவிட்டால், வலப்பக்க ஜன்னலில் நம் மாவட்டம் முழுக்கத் தெரியும். மலை ஒரு பக்கம் இறங்கி வரும், நடுவில் பச்சை, பிறகு தரை அப்படியே நின்றுபோகும். மூன்று கடலும் தொடங்கிவிடும். துணை விமானிக்கு வலப்பக்கச் சீட்டு. கேப்டனானால் இடப்பக்கம் மாற வேண்டும், அதன் பிறகு போகும்போது ஊர் தெரியாது. பதவி உயர்வில் எனக்கு இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

4

வீட்டில் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முதலில் ஜெரூஷா. பன்னிரண்டு வயது. வந்த புதிதில் அருமனைப் பேச்சும் லிமெரிக் ஆங்கிலமும் கலந்து பேசினாள். இப்போது அருமனை இறங்கிவிட்டது. பள்ளியில் ஐரிஷ் மொழியும் கற்பிக்கிறார்கள். ஐரிஷில் ‘பசி என்மேல் இருக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதனால் வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டு, “அப்பா, என்மேல பசி” என்கிறாள். இங்கே வந்த பிறகு எங்கள் வீட்டுத் தமிழுக்குக் கிடைத்த புதுச் சொத்து இது.

“போங்க அப்பா” என்றாள் உடனே.

“நிஜமாவா?”

“ஃப்ரீ டிக்கெட் கிடைக்கும்ல. எல்லா லீவுக்கும் போகலாம். அப்புறம் பள்ளியில நீங்க பைலட்னு சொன்னா யாரும் நம்பல. யூனிபார்மில ஒரு போட்டோ எடுத்து அனுப்பிருங்க.”

பிள்ளை அழும், கையைப் பிடிக்கும் என்று நான் தயாராக இருந்தேன். தயாரிப்பு வீணானது.

ஷீபா சமையலறையில் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். இங்கே ஆப்பிரிக்கக் கடையில் மெழுகு பூசிய மரவள்ளிதான் கிடைக்கும். வேகுமா வேகாதா என்று அடுப்புக்குத்தான் தெரியும். குழித்துறைச் சந்தையில் ஒரு மீன்காரி, நான் விலை கேட்டுவிட்டு யோசித்து நின்றபோது, “வேகாத கெழங்க நம்பி மீனு வாங்காத பிள்ளே, மொதல்ல அத வேகவச்சுட்டு வா” என்று விரட்டியிருக்கிறாள். நம்பர், கேப்டன் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள்தான் நினைவுக்கு வந்தாள்.

“கேட்டியளா” என்றாள் ஷீபா, கரண்டியைக் கீழே வைக்காமல். “நீங்க போனா நான் தடுக்கமாட்டேன். போவல்லன்னா தாங்க்ஸ் சொல்லவும் மாட்டேன்.”

“அதென்ன கணக்கு?”

“நான் ரெண்டு தடவை வேலைய விட்டேன். ரெண்டும் உங்க ரோஸ்டருக்காக. பிள்ளைய பாக்க ஆளில்லன்னு ஒண்ணு, வீடு மாறணும்ன்னு ஒண்ணு. அப்பம் நீங்க எனக்கு தாங்க்ஸ் சொன்னியளா?”

யோசித்துப் பார்த்தேன். முதல் தடவை ‘நல்லது’ என்று சொன்னதாக ஞாபகம். இரண்டாவது தடவை நான் ஆகாயத்தில் இருந்தேன்.

“யோசிங்க. நான் ஒண்ணும் பறையல்ல” என்றாள். கிழங்கு வேகவில்லை. தோசை சுட்டோம்.

அவள் செய்த ஒரே தவறு, அன்று தன் அப்பாவிடம் வீடியோவில் பேசும்போது, ‘அவங்களுக்கு பழைய கம்பெனியிலேருந்து விளிச்சிருக்கு, யாருட்டயும் சொல்லாதிங்க’ என்று சொன்னது.

5

மாமா சத்தியநேசன் அருமனையில் ரப்பர் ஷீட் வியாபாரி, சபையில் மூப்பர். நம் பக்கத்துச் சபைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எது நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்து அறிவிக்கலாம். பிள்ளை பாசானது, பல் பிடுங்கினது, நாய் துரத்திக் கடிக்காமல் விட்டது, எதுவானாலும் சரி. தோட்டத்தில் விளைந்ததையும் கொடுக்கலாம், ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றால் மாமாவின் கணக்கில் ஆண்டவர் அதில் சேரமாட்டார்.

அந்த ஞாயிறு நான் எழுந்தபோது போனில் அதே வீடியோவைப் பதினேழு பேர் அனுப்பியிருந்தார்கள். சபைச் செயலர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கிறார்: “மூப்பர் சத்தியநேசன் குடும்பத்தாருடைய மருமகன் எட்வினுக்கு, இழந்துபோன விமானி வேலை திரும்பக் கிடைத்ததற்காகவும், கேப்டனாக உயர்த்தப்பட்டதற்காகவும், ஸ்தோத்திரமாக ஓர் ஏத்தங்குலை.” கேமரா திரும்புகிறது. நேந்திரம் வாழைக்குலை தூணில் சாய்ந்து நிற்கிறது. நல்ல குலை.

எருமை வாங்கும் முன் நெய்க்கு விலை பேசாதே என்பார்கள். மாமா நெய்யைத் தானமே செய்துவிட்டார். உடனே போன் போட்டேன்.

“மாமா, நான் இன்னும் பதிலே சொல்லல்லியே. அவங்க கேட்டிருக்காங்க, அவ்வளவுதான்.”

“கேட்டா தந்த மாதிரிதானே மருமவனே. கையில கெடச்ச பெறவு நன்றி சொல்லுகதுக்கு விசுவாசம் எதுக்கு? ரசீது போதுமே.”

“நான் போவல்லன்னா?”

மறுபக்கம் கோழி கூவியது.

“போவல்லன்னா எப்பிடி? குலைய தந்தாச்சு. ஏலமும் போயாச்சு. நம்ம டாக்டரு எடுத்துட்டு போயி சிப்ஸும் போட்டிருப்பாரு.”

அன்றிலிருந்து ஊரார் அழைப்பு. ஒருவர் மகனுக்கு ‘ஏர்போட்டுல ஏதாவது’ வேண்டும் என்றார். ஒருவர் கேப்டன் என்றால் கப்பல் கேப்டனா என்று கேட்டார். தாசன் மட்டும், “அண்ணே, அந்த மரம் பட்ட பிடிச்சு வருது. நீங்க வெட்ட வராம இருந்தா போதும்” என்றான்.

6

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது குமரேசன் மறுபடி அழைத்தான். இங்கே மதியம், அதே கடைசி நிறுத்தம். அவன் கடையில் ஆள் நடமாட்டம் கேட்டது.

“நீ போறியாம்லா. சேதி கொட்டாரம் வரைக்கும் வந்துட்டு.”

“மாமாக்க வேலை அது. நான் இன்னும் சொல்லல்ல.”

“அப்பம் சொல்லிராத மக்கா.”

எட்டு நாள் எரிச்சல் முழுவதும் அவன்மேல் இறங்கியது. “ஏலே, நான் போவல்லன்னா உனக்கு ஒரு நம்பரு கூடும், அதுக்குத்தானே இந்த அழுகை? ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதை. போறதுன்னா நேரா போறேன்னு சொல்லு. மறைக்கண்டாம்.”

யாரோ யூரியா கேட்டார்கள். “ஒரு நிமிஷம்” என்றான். எடுத்துக் கொடுத்து, மீதிச் சில்லறை எண்ணி, திரும்பி வந்தான்.

“எனக்கு நம்பரு எதுக்குலே? எனக்கு மெடிக்கலே போச்சு.”

“என்னது?”

“ஒரு வருஷமாச்சு. திருவனந்தபுரத்துல போயி டெஸ்ட் எடுத்தேன். சுகரு. மாத்திரையில நிக்காது, ஊசிதான். ஊசி போடுகவனை காக்பிட்டுல ஏத்துவானா?”

“வீட்டுல தெரியுமா?”

“ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா என்ன நெனச்சிருக்காருன்னா, எனக்கு கம்பெனிக்காரன்மேல கோவம்ன்னு. கடைக்கு வருகவங்க எல்லாருட்டயும், எனக்க மவன் மானஸ்தன், விளிச்சாலும் போவமாட்டான்னு சொல்லுகாரு. இப்பம் நீ போனா, அவன் போறான், நீ ஏன் போவல்லன்னு கேப்பாரு. கேட்டா நான் சொல்லிருவேன் மக்கா. சொன்னா அவரு தாங்கமாட்டாரு.”

“ஊசிய எங்கலே வச்சிருக்க?”

“கடையில விதை வைக்கிற பிரிட்ஜ் இருக்குல்லா. வெண்டை விதைக்குப் பின்னால.”

ஒரு வாரமாக மனதுக்குள் அவனுக்கு ஓநாய் என்று பெயர் வைத்திருந்ததை நினைத்துப் பார்த்தேன்.

“உனக்காக நான் போவாம இருக்கணுமாலே?” என்றேன், மெதுவாக.

“சேச்சே. போணும்ன்னா போ. கேக்காம இருக்க முடியல்ல, அதான் கேட்டேன்.”

அடுத்த ட்ரிப்பை மூன்று நிமிடம் தாமதமாக எடுத்தேன். கைத்தடி அம்மா வாட்சைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வாட்சை மூடி ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

7

கடைசி நாள். விடுமுறை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சம்மதப் படிவத்தைத் திறந்தேன். ஆமாம், சம்மதப் படிவம்தான். குமரேசனிடம் பரிவு இருந்தது, ஆனால் அந்த வலப்பக்க ஜன்னலும் இருந்தது. பொய் சொல்லி என்ன?

முதல் பக்கம், மணமானவரா? ஆம். நாலாம் பக்கம், சட்டை அளவு. சென்டிமீட்டரில்தான் கேட்டிருந்தார்கள். ஆறாம் பக்கம்: ‘உங்களுடன் தங்கப்போகும் குடும்பத்தினர் எத்தனை பேர்?’ பூஜ்யம் என்று போட்டேன். சிவப்பில் வந்தது: ‘செல்லாது. ஒன்று அல்லது அதற்கு மேல் இடவும்.’ மறுபடி பூஜ்யம். மறுபடி சிவப்பு. மணமானவர் என்று முதல் பக்கத்தில் சொன்னவனோடு ஆறாம் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் இருப்பதை அந்த இயந்திரத்தால் ஏற்க முடியவில்லை. கடிதத்தில் மூன்று இடத்தில் குடும்பம் என்று எழுதியவர்களின் இயந்திரம் அல்லவா. இரண்டு என்று போட்டால் போகும், ஆனால் பொய். ஒரே வழி, முதல் பக்கத்துக்குத் திரும்பி ‘மணமாகாதவர்’ என்று மாற்றுவது. திரும்பினேன். அந்தக் கட்டத்தின்மேல் அம்பை வைத்தேன். அங்கேயே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை.

ஷீபா டியூட்டி முடிந்து வந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“நான் டியூட்டிக்கு போயிட்டு வாறதுக்குள்ள டைவர்ஸ் ஆயிட்டியளா?”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கால் கழுவப் போய்விட்டாள். பன்னிரண்டு மணிநேரம் நின்ற கால். விடுப்பே இல்லாமல் ஐந்து வருடம் நின்ற கால். எங்கள் வீட்டுக்கும் சேர்ந்த தேதியை வைத்து ஒரு பட்டியல் போட்டால் யார் ஒன்றாம் நம்பர் என்பது எனக்குத் தெரியும். நான் இடையில் ஆகாயத்தில் இருந்தவன், பிறகு சார்ந்தவன் பிரிவில் வந்தவன்.

படிவத்தை மூடினேன். ‘வர இயலாது, நன்றி’ என்று ஒரு வரி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: ‘உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியம்.’

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் நின்றபோது பக்கத்து விமான நிலையத்துக்கு ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. குறுக்குக் காற்று பலம், மூக்கு ஒருபக்கம் திரும்பியிருந்தது. தரைக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். சக்கரம் தொட்ட பிறகுதான் கவனித்தேன், என் இடதுகால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விமானத்தில் அங்கேதான் பெடல் இருக்கும். பஸ்ஸில் அங்கே ஒன்றுமில்லை. பிளாஸ்கைத் திறந்தேன், சாயா ஆறியிருந்தது.

அன்றைக்கு ஷீபா என் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் இறங்கிய ஏழு பேரும் எனக்கு நன்றி சொன்னார்கள். அவள் சொல்லாமல் இறங்கிப் போனாள். சொன்ன சொல் தவறாதவள்.

மாமாவிடம் சொன்னபோது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, “தோட்டத்துல இன்னொரு குலையும் வெளஞ்சு நிக்குது” என்றார். அடுத்த ஞாயிறு செயலர் வாசித்தார்: “மேற்படி மூப்பரின் மேற்படி மருமகன், மேற்படி வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பிரியாதபடி காக்கப்பட்டதற்காக, ஸ்தோத்திரமாக மற்றுமோர் ஏத்தங்குலை.” சபையில் சிலர் சிரித்தது வீடியோவில் கேட்கிறது. செயலர் சிரிக்கவில்லை.

அந்தக் குலையை ஏலத்தில் எடுத்தவன் குமரேசன். கொட்டாரத்திலிருந்து அருமனைக்கு பைக்கில் வந்து, ஆராதனை முடியும்வரை வெளியில் மாமரத்தடியில் நின்று, டாக்டரோடு போட்டிபோட்டு எடுத்து, பின்சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். அன்று மத்தியானமே அழைத்தான்.

“கடையில தொங்கவிட்டிருக்கேன் மக்கா. அப்பா கேட்டாரு, எதுக்குலே குலைன்னு. எட்வினும் போவல்ல, நாங்க ரெண்டுபேரும் வேண்டாம்ன்னு சொல்லியாச்சு, அதுக்குன்னு சொன்னேன்.”

“நல்லதாப்போச்சு. நம்பினாரா?”

“ரொம்ப சந்தோஷம் அவருக்கு. ஒரு சீப்பு வெட்டி வீட்டுக்கு எடுத்து வச்சாரு. நான் ஒரு பழத்த பிச்சேன். கையில இருந்து வாங்கிட்டாரு.”

“ஏன்?”

குமரேசன் கொஞ்சம் செருமிக்கொண்டான்.

“உனக்கு எதுக்குலே ஏத்தம்பழம், ஊசி போட்டுட்டு இருக்குகவனுக்குன்னாரு. ஒரு வருஷமா வெண்டை விதையெல்லாம் அவருதான் எடுத்துக் குடுத்துட்டு இருந்தாராம், நான் பாக்காத நேரம்.”